வெர்ரா குதித்த உயரம்

ஊத்தான் மெலிந்தாங் எண்ணெய் ஆலையில்
இரவு எடைமேடைக் கூண்டு என்னுடையது.
லோரி ஏறும், எண் வரும், சீட்டைக் கிழிப்பேன்.
லோரி வராத வேளைகளில்
குணாளனின் கைப்பேசியில் வெர்ரா குதிப்பாள்.

எடை ஐம்பத்திரண்டு கிலோ
என்று விளையாட்டே சொல்கிறது.
உயரம் நூற்று எழுபது.
ஒரே எம்பலில் கோட்டைச் சுவரைத் தாண்டுவாள்,
முழங்கால் மடங்காமல் இறங்குவாள்,
பின்னல்கூட அவிழாது.
"ஒலகத்துலயே பலசாலி இவதான் லா"
என்றான் குணாளன்.
நான் சிரித்தேன்.
ஒரு மைலோ ஐஸ் பந்தயமானது.

ஐந்தாம் படிவத்தில் பௌதிகம் எனக்கு ஏ.
இந்த ஆலையில் அதை யாரும் கேட்டதில்லை.

அவளையே அளவுகோலாக்கி
சுவரோரம் ஒருத்திமேல் ஒருத்தியாக நிறுத்தினேன்.
ஐந்து வெர்ராவும் ஒரு முழங்காலும்.
ஒன்பது மீட்டர்.
உச்சியிலிருந்து தரைவரை
நிறுத்தி நிறுத்தி எண்ணினால்
இருபத்து நான்கு சட்டகம்.
நொடிக்கு முப்பது ஓடும் திரையில்.

இருபத்து நான்கா?
அவ்வளவு அவசரமாக
இந்த ஊரில் எதுவும் விழுவதில்லை.

சனிக்கிழமை, பதினான்காம் பிளாக்.
லோம்போக்கிலிருந்து வந்த சுப்ரியாடி
அறுவடைக் கம்பை நட்டு அளந்து
ஒன்பது மீட்டரில் பழுத்த குலையொன்றைக் காட்டினான்.
எதற்கு என்று கேட்கவில்லை.
"தள்ளி நில்லு" என்று மட்டும் சொன்னான்,
இரண்டு தடவை.
அரிவாள் இழுபட்டது.
குணாளன் படம் பிடித்தான்.
தரை அதிர்ந்ததை என் செருப்பு அறியும்.

நாற்பத்தொரு சட்டகம்.

கூண்டுக்குள் வந்து
காலிச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்கு.
அதே உயரம், இத்தனை குறைந்த நேரம் என்றால்
அவள் மண் நம் மண்ணைப்போல்
ஏறக்குறைய மூன்று மடங்கு இழுக்கிறது.
இங்கே ஐம்பத்திரண்டு,
அங்கே நூற்றைம்பதாய்க் கனக்கும்.
சும்மா வாசலில் நிற்பதற்கே
தோளில் இரண்டு பேரைத் தூக்கிவைத்தது போல.
அதிலிருந்துதான் எம்புகிறாள்.
இறங்கும்போது மணிக்கு எண்பது கிலோமீட்டர்,
பாகான் டத்தோ சாலையில் காலி லோரி போகிற வேகம்.
முழங்கால் மடங்காவிட்டால்
காலென்று ஒன்று மிஞ்சியிருக்காது.

"அப்ப அவ பலசாலியா, இல்லியா?"
குணாளன் பொறுமையிழந்தான்.
எனக்கும் தெரியவில்லை.
பலம் என்று நாம் பார்த்தது
அவள் ஊரின் கனமாகவும் இருக்கலாம்.

சுப்ரியாடி இதற்குள் எடைமேடையில் ஏறி நின்றிருந்தான்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
ஐம்பது என்றது. அறுபது என்றது.
மறுபடி ஐம்பது.
ஹெல்மெட்டைக் கழற்றினான், மாட்டினான்.
அது முடிவுக்கு வரவில்லை.

மிச்சமிருந்தது அந்த இரண்டாவது குதிப்பு.
அந்தரத்தில், எதையும் மிதிக்காமல்
இன்னொரு முறை மேலே போவாள்.
மேலே போக எதையாவது கீழே தள்ள வேண்டும்.
எறிய அவள் கையில் ஒன்றுமில்லை,
காற்றை உதைத்தால் போதாது.
மூன்று இரவு போட்டுப் பார்த்தேன்,
சீட்டுக் கட்டுதான் தீர்ந்தது.

சுப்ரியாடிக்குத் திரையைக் காட்டி,
கீழே தரையே இல்லை,
எதை மிதித்து ஏறுகிறாள் என்று கேட்டேன்.
"ஊத்தாங்" என்றான்.
ஊர்ப் பெயரைச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.
ஓர் எழுத்து வித்தியாசம்.
கடன்.
ஏஜெண்டுக்கு இன்னும் நாலாயிரம் பாக்கியாம்.
அவனே முதலில் சிரித்தான்.

வாசலில் லோரி ஹாரன் அடித்தது.
முப்பத்திரண்டு டன் நானூற்று இருபது.
கிழித்துக் கொடுத்தேன்.

என் குறிப்பில் இரண்டாவது குதிப்புக்கு எதிரே
கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.
மைலோ ஐஸை மூன்று கோப்பையாகப் பிரித்துக் குடித்தோம்.
காசு குணாளன் கொடுத்தான்.
தோற்றதாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.